உயர்தரத்தில் உயிரியல் எடுப்பதா? ஒட்டுசுட்டான் பக்கத்து மாணவி ஒருவரின் தெரிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் மாணவி தனி ஒருவர் இல்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் உட்கிராமங்களிலிருந்து க.பொ.த. சாதாரண தரம் முடித்து, "பயோ" படிக்க வேண்டும் என்று வரும் பிள்ளைகள் பலரிடம் திரும்பத் திரும்பக் காணும் நிலையை ஒரு பிள்ளையின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். பெயரும் பாடசாலையும் தேவையில்லை. எந்தக் கேள்வியை எந்த ஒழுங்கில் கேட்டு முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் மற்றப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படும்.

குடும்பம் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறது. காலபோகம் நிச்சயம், சிறுபோகம் தண்ணீரைப் பார்த்து. பிள்ளைக்கு விஞ்ஞானம் ஏ, தமிழ் ஏ, கணிதம் பி, ஆங்கிலம் எஸ். கிராமப் பாடசாலையில் உயர்தரம் இருக்கிறது, ஆனால் கலைப்பிரிவு மட்டும். விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைக்கு பஸ்ஸில் ஒரு வழிக்கு ஒரு மணி பத்து நிமிடம். யாழ்ப்பாணத்தில் விடுதியில் நிற்கலாம் என்று மாமா சொல்கிறார். ஆலோசனைக்கு வந்த அன்று தகப்பன் சொன்ன முதல் வார்த்தை இது: "பிள்ளை டொக்டராகோணும் எண்டு நான் கேக்கேல்ல ரீச்சர். ரெண்டு வருசம் படிச்சிட்டு வெறுங்கையோட வந்து நிக்கக் கூடாது."

பிள்ளையின் வாயில் வந்தது வேறு. "எனக்கு உயிரியல் நல்லா விருப்பம் ரீச்சர்."

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மையான கேள்வி தெரியும். உயர்தரத்தில் உயிரியல் தனியாக வருவதில்லை. இரசாயனவியல் கட்டாயம் கூட வரும். மூன்றாவதாகப் பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். ஆகவே உயிரியலில் விருப்பம் என்று சொல்லும் பிள்ளை, வாரத்தின் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தை உயிரியல் அல்லாத இரண்டு பாடங்களோடு கழிக்கப் போகிறது. அந்த இரண்டும் இந்தப் பிள்ளைக்கு ஏறுமா, ஏற்றிவிட எட்டும் தூரத்தில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வன்னியில் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

விஞ்ஞானத்தில் ஏ எதைக் காட்டுகிறது

75 புள்ளியும் ஏ, 96 புள்ளியும் ஏ. அதைவிட முக்கியம், சாதாரண தர விஞ்ஞான வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் தெரிவு இருக்கிறது. பௌதிகப் பக்கத்துக் கேள்வியைத் தொடாமலே ஒரு பிள்ளை ஏ எடுத்துவிடலாம். அதனால் பெறுபேற்றுத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, கடந்தகால வினாத்தாள் மூன்றை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் 40 பல்தேர்வு வினாக்கள். அவற்றை உயிரியல், இரசாயனம், பௌதிகம் என்று மூன்று நிறப் பேனாவால் பிரித்து, பிள்ளையைத் திரும்பச் செய்ய வைத்து, பிரிவு பிரிவாகப் புள்ளி போட்டோம். உயிரியல் வினாக்களில் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் சரி. இரசாயனம் பத்துக்கு ஏழு. பௌதிகம் பத்துக்கு ஐந்து; அதிலும் சரிவந்தவை பெரும்பாலும் கணக்கில்லாத கேள்விகள். ஒரே ஏ இப்படி மூன்றாக உடைந்து வந்தது. வீட்டில் எவரும் அதை இதற்கு முன் பார்த்திருக்கவில்லை.

அடுத்தது ஒரு சிறிய அடிப்படைச் சோதனை: பத்துக் கேள்வி, 45 நிமிடம், கணிப்பான் இல்லாமல். உயர்தர இரசாயனவியல், பௌதிகவியல் பரீட்சைகளில் கணிப்பானுக்கு இடமில்லை என்பதால் இந்த நிபந்தனை. விகிதம், பத்தின் அடுக்கு, செங்கோண முக்கோணி, வரைபின் சாய்வு, அலகு மாற்றம் ஆகியவைதான் கேள்விகள். உயர்தரப் பாடம் எதுவும் இல்லை.

பிள்ளைக்கு நான்கு சரி. பிழைத்த ஒன்றைக் கிட்டப் பார்க்கலாம். 4.0 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டை நீரில் கரைத்து 250 கன சதமமீற்றருக்கு நிரப்பினால் செறிவு என்ன? சார் மூலக்கூற்றுத் திணிவு 40. பிள்ளை 4.0ஐ 40ஆல் வகுத்து 0.1 மூல் (இரசாயனத்தில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) என்று சரியாக எழுதிவிட்டது. பிறகு 0.1ஐ 250ஆல் வகுத்து 0.0004 என்று விடை போட்டது. 250ஐ 0.25 லீற்றராக மாற்றவில்லை. சரியான விடை லீற்றருக்கு 0.4 மூல். ஆயிரம் மடங்கு பிழை. ஆனால் இரசாயனம் விளங்காததால் வந்த பிழை இல்லை. அலகைக் கையோடு எழுதிக்கொண்டு போகும் பழக்கம் இல்லை, வந்த விடையை நிறுத்தி ஒருக்கால் பார்க்கும் பழக்கமும் இல்லை. இரண்டும் பழக்கினால் வரக்கூடியவை. இதே கேள்வியில் 4.0ஐ 40ஆல் பெருக்கிவிட்டு வரும் பிள்ளையும் உண்டு. அங்கே மூல் என்ற எண்ணமே விழவில்லை. அந்தப் பிள்ளைக்கு வேலை இன்னும் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வாரம், நாளுக்கு 40 நிமிடம், அலகு மாற்றமும் மூல் கணக்கும் செய்வித்துவிட்டு அதே வகைச் சோதனையைத் திரும்ப வைத்தபோது ஏழு. முதலில் எடுத்த நான்கை வைத்து நாம் எதையும் முடிவுசெய்யவில்லை. நான்கிலிருந்து ஏழுக்கு ஏறிய ஏற்றத்தைத்தான் பார்த்தோம். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஐந்தைத் தாண்டாத பிள்ளைக்கு உயிரியல் பிரிவை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, உயிரியலில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும்.

உயிரியல் மனனப் பாடம் என்ற கதை

கணக்குக்குப் பயந்து உயிரியலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக ஒரு செய்முறையைச் சொல்ல வேண்டும். றியோ இலையின் கீழ்ப்புற மேற்றோலை உரித்து, வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் இட்டு, எத்தனை கலங்களில் முதலுருச்சுருக்கம் (நீர் வெளியேறி, கலத்தின் உள்ளடக்கம் சுவரைவிட்டுச் சுருங்குவது) வந்திருக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் எண்ணுவது. கலச்சாறு ஊதா நிறம் என்பதால் சாயம் தேவையில்லை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பாதிக் கலங்கள் சுருங்கிய செறிவுதான் நமக்கு வேண்டியது.

இந்தச் செய்முறை பிழைப்பது அநேகமாக நுணுக்குக்காட்டியில் இல்லை, கரைசல் தயாரிக்கும் மேசையில். லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள கரைசலிலிருந்து 0.3 மூல் செறிவுள்ளதில் 100 கன சதமமீற்றர் வேண்டும் என்றால், 30 கன சதமமீற்றர் அளந்து, நீர் விட்டு மொத்தம் 100 ஆக்க வேண்டும். பிள்ளைகள் 30ஐ அளந்து அதன் மேல் 100 கன சதமமீற்றர் நீரை ஊற்றிவிடுவார்கள். இப்போது மொத்தம் 130, செறிவு 0.23. வரைபு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஏன் என்று எவருக்கும் பிடிபடாது. மூல் தெரியாத பிள்ளை உயிரியல் செய்முறையிலும் நிற்க முடியாது.

பாடத்திட்டம் பெரியது. கலத்தின் இரசாயன அடிப்படையில் தொடங்கி, கூர்ப்பும் பல்வகைமையும், தாவரம், விலங்கு, பிறப்புரிமையியல், மூலக்கூற்று உயிரியல், சூழல், நுண்ணங்கி, பிரயோக உயிரியல் என்று 10 அலகுகள். பரீட்சையில் முதல் வினாத்தாள் 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். இரண்டாவது மூன்று மணித்தியாலம்: அமைப்புக் கட்டுரை நான்கும் செய்ய வேண்டும், கட்டுரை ஆறில் நான்கு. கட்டுரைக்குப் புள்ளி விழுவது பக்க நீளத்துக்கு இல்லை. சரியான கருத்து ஒவ்வொன்றாக எண்ணித்தான் போடுகிறார்கள். "நீர் வேருக்குள் போகிறது" என்ற வசனத்துக்குப் புள்ளி இல்லை. எந்த நீரழுத்தத்திலிருந்து எந்த நீரழுத்தத்துக்கு, எந்த இழையத்தினூடாக, எந்த முறையால் என்று எழுத வேண்டும். தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட வளநூல்கள் தமிழில் இருக்கின்றன; அவற்றின் சொற்களையே பிள்ளை பழக வேண்டும். ரியூசன் குறிப்பு வேறு சொல், வளநூல் வேறு சொல், யூரியூப் வேறு சொல் என்று மூன்றையும் கலக்கிற பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தடுமாறும். தென்னிந்தியத் தமிழ்க் காணொளிகளில் செல் என்பார்கள், இங்கே கலம். ஒளிச்சேர்க்கை என்பார்கள், இங்கே ஒளித்தொகுப்பு. விளங்கிக்கொள்ளப் பார்க்கலாம், எழுதப் பழக வளநூல்தான்.

இசட் புள்ளியும் மாவட்டமும்

பல்கலைக்கழகத்துக்கு மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ், அதாவது 35 புள்ளி, ஒரே தடவையில் வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30. அது வாசற்படி மட்டும். உள்ளே இடம் தருவது இசட் புள்ளி. ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்து, மூன்றின் சராசரியை எடுப்பார்கள்.

தகப்பனுக்கு இதை இப்படிக் காட்டினோம். ஒரு பிள்ளைக்கு உயிரியல் 1.2, இரசாயனம் 0.9, பௌதிகம் மறை 0.3 என்று வையுங்கள். கூட்டினால் 1.8, மூன்றால் வகுத்தால் 0.6. பிள்ளை தனக்கு விருப்பமான உயிரியலையே இன்னும் கிண்டிக் கிண்டி 1.5 ஆக்கினால் சராசரி 0.7. அதே நேரத்தைப் பௌதிகத்தில் போட்டு மறை 0.3ஐ 0.6 ஆக்கினால் சராசரி 0.9. ஏற்கனவே உயரத்தில் நிற்கும் பாடத்தை மேலும் தூக்குவது கடினம்; கீழே கிடக்கும் பாடத்தைத் தூக்குவது இலகு. விருப்பமான பாடத்தில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளை உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. உழைப்பு பிழையான வாய்க்காலில் ஓடுகிறது. வயலில் மேட்டுப் பாத்திக்கே தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்பது போல என்று தகப்பனே சொல்லி முடித்தார்.

"முல்லைத்தீவுக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே ரீச்சர்?" என்பது அடுத்த கேள்வி. இதை ஆறுதலாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமையில் நிரப்புகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அதில் அடங்கும். உதவிதான். ஆனால் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு இலட்சம் பேர்கூட இல்லை. நாடு முழுவதும் இரண்டு கோடிக்கு மேல். ஒரு கற்கைநெறிக்கு நாட்டில் 1000 இடம் என்று வைத்தால், மாவட்டப் பங்கான 550இல் இப்படியொரு மாவட்டத்துக்கு விழுவது இரண்டு அல்லது மூன்று. அப்படியானால் வெட்டுப்புள்ளி என்பது அந்த வருடம் அந்த மாவட்டத்தில் மூன்றாவதாக வந்த பிள்ளையின் புள்ளி. கெட்டிக்காரர் நால்வர் ஒரே வருடத்தில் வந்தால் அது ஏறும், அடுத்த வருடம் இறங்கும். போன வருட வெட்டுப்புள்ளியை இலக்காக வைத்துப் படிப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

யாழ்ப்பாண விடுதி யோசனையும் இங்கேதான் முட்டுகிறது. பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே விண்ணப்பதாரியின் மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. இடம்மாற முன் ஆணைக்குழுவின் அவ்வருடக் கைந்நூலில் அந்தப் பந்தியை வரி வரியாக வாசிக்க வேண்டும். நல்ல ரியூசன் கிடைக்கிறது என்று போய், மாவட்டம் மாறியதை விண்ணப்பம் நிரப்பும் அன்று அறிவது மிகவும் கொடுமையானது.

பாடசாலையைப் போய்ப் பார்த்தல்

தகப்பனும் பிள்ளையும் அந்த 1ஏபி பாடசாலைக்கு ஒரு பாடசாலை நாளில் போனார்கள். கேட்கச் சொன்னவை இவை: இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, நிரந்தரமா, இடமாற்றம் கிட்ட வருகிறதா? போன அணியினருக்கு எந்த மாதத்தில் பாடத்திட்டம் முடிந்தது? செய்முறை வகுப்பு வாரத்தில் நடக்கிறதா, பரீட்சைக்கு முதல் மாதம் மட்டுமா? அளவி, குழாயி, கனமானக் குடுவை, தராசு பிள்ளைகளின் கைக்கு வருகின்றனவா, அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா?

வந்த பதில்: உயிரியலுக்கும் இரசாயனத்துக்கும் நிரந்தர ஆசிரியர், பௌதிகத்துக்கு ஒருவர், அடுத்த வருடம் இடமாற்றம் வரக்கூடும். விவசாய விஞ்ஞானமும் அங்கே உண்டு.

இதனால் மூன்றாவது பாடம் பெரிய விவாதமாயிற்று. "பௌதிகம் கஷ்டமெண்டா விவசாயம் எடு" என்று எல்லோரும் இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். விவசாய விஞ்ஞானம் நல்ல பாடம், வயல் வீட்டுப் பிள்ளைக்கு அது கையில் இருக்கும் அறிவு, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஆனால் அதை எடுத்த அன்றே மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் மூன்றின் கதவும் மூடிவிடும். அவற்றுக்குப் பௌதிகம் வேண்டும். தெரிந்துகொண்டு மூடுவதில் பிழை இல்லை. தரம் 13இல் கைந்நூலைப் பார்த்து "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல" என்று அழும் பிள்ளையைத்தான் பார்க்க முடியாமல் இருக்கிறது.

பாதியில் மாறுவது இன்னும் மோசம். எட்டு மாதம் பௌதிகத்தோடு இழுபட்டுவிட்டு விவசாயத்துக்கு மாறுகிற பிள்ளை, எட்டு மாதப் பௌதிகத்தையும் எட்டு மாத விவசாயத்தையும் சேர்த்து இழக்கிறது. மாறுவதென்றால் முதலாம் தவணைக்குள்.

நேரக் கணக்கும் போட்டோம். பஸ்ஸில் போய் வர நாளுக்கு இரண்டு மணி இருபது நிமிடம், ஐந்து நாளில் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியாலம் போகிறது. அது ஒரு பாடத்தை வீட்டில் படிக்கும் நேரத்திலும் அதிகம். மார்கழி மழையில் பஸ் வராத நாட்களும் உண்டு. 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையே வெள்ளத்தால் சில நாள் நிறுத்தப்பட்டது. பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றரில் சின்னம்மா வீடு இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே, சைக்கிளில் பாடசாலை. சனி, ஞாயிறு வீடு. காலபோக அறுவடைக் காலத்திலும் வார இறுதியில் வயலுக்குக் கூப்பிடுவதில்லை என்று தகப்பன் ஒத்துக்கொண்டார். அந்த வாக்குறுதியின் பெறுமதி வயல் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

முடிவு

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். ஒரு நிபந்தனையோடு: முதலாம் தவணைப் பரீட்சையில் பௌதிகத்தில் 40 வர வேண்டும். வராவிட்டால் அந்த விடுமுறையிலேயே விவசாய விஞ்ஞானத்துக்கு மாற்றம், எவரும் அழுவதில்லை. இரசாயனத்திலும் 35ஐத் தொடாவிட்டால், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் உள்ள பாடசாலையைப் பார்ப்பது. அதற்கும் கிளிநொச்சியில் பட்டப்படிப்பு உண்டு.

தகப்பனின் "வெறுங்கை" கேள்விக்குப் பதிலையும் எழுதிக் கொடுத்தோம். பல்கலைக்கழகம் கிடைக்காமல் மூன்று பாடமும் சித்தியடைந்தால், வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி, அரச தாதியர் பயிற்சி, விவசாயக் கல்லூரி டிப்ளோமா ஆகியவற்றுக்கான வர்த்தமானி அறிவித்தல்களைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். இரண்டு பாடம் சித்தி, ஒன்று தவறல் என்றால் இந்தக் கதவுகளிலும் சில மூடும். ஆகவே மூன்றும் சித்தி என்பது முதல் இலக்கு, இசட் புள்ளி இரண்டாவது.

வாராந்த வீட்டுப் படிப்பு 20 மணித்தியாலம்: பௌதிகம் 8, இரசாயனம் 7, உயிரியல் 5. உயிரியலுக்கு ஐந்துதானா என்று பிள்ளை முகம் வாடியது. அந்த ஐந்தில் மூன்றை வளநூல் வாசிப்புக்கும், இரண்டைப் பார்க்காமல் எழுதிப் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிடுவதற்கும் ஒதுக்கினோம். விருப்பமான பாடம் சும்மா இருக்கும் நேரத்திலும் கையில் எடுக்கப்படும். விருப்பமில்லாததற்குத்தான் நேரசூசியில் பெட்டி கீற வேண்டும்.

முதலாம் தவணை முடிவில் பௌதிகம் 43, இரசாயனம் 52, உயிரியல் 68. பௌதிகத் தாளைத் திருப்பிப் பார்த்தபோது, சாய்தளக் கணக்கில் சைனும் கோசைனும் இரண்டு இடத்தில் மாறியிருந்தன. இழந்த புள்ளி 9. அலகுப் பிழை ஒன்றும் இல்லை. அடுத்த தவணைக்குப் பௌதிகத்தின் எட்டு மணித்தியாலத்தில் இரண்டை விசைகளைப் படம் கீறிக் கூறாக்குவதற்கு மட்டும் ஒதுக்கி, நேரசூசியைத் திரும்ப எழுதிச் சின்னம்மா வீட்டுச் சுவரில் ஒட்டினார்கள்.